லிவரை இறக்கினால்தான் பெயர் தெரியும்

போன நவம்பரில் ஹூஸ்டனுக்கு வெளியே, என்னோடு பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து, ஒரு கம்பளித் துணியை விரித்து, உள்ளறையிலிருந்து ஒரு துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது போலத்தான் இருந்தது. வின்செஸ்டர் 1866. நடு உடம்பு முழுக்க மங்கிய தேன் நிறம், அதன்மேல் இலையும் கொடியுமாக நகாசு வேலை, வலது பக்கத் தகட்டில் திரும்பிப் பார்க்கும் ஒரு கொம்பு மான். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்றார்.

எனக்குத் துப்பாக்கி மேல் பெரிய ஆர்வம் எதுவும் இருந்ததில்லை. டெக்சஸில் இருபது வருடம் இருந்தும் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் இதைக் கையில் வாங்கியதும் என் கண் குழலுக்கோ விசைக்கோ போகவில்லை, நேராக உளித்தடத்துக்குப் போனது. காரணம் என் பெரியப்பா. கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளுக்குப் பெயர் வெட்டிக் கொடுத்தவர் அவர். கரண்டில் ஓடும் மெஷின் வருவதற்கு முன்னால் குடம், அண்டா, சொம்பு, சீர்த் தட்டு என்று எல்லாவற்றிலும் சின்ன உளியும் சின்னச் சுத்தியும் வைத்துக் கையாலேயே வெட்டுவார். தை மாதம் முகூர்த்தம் நெருங்கிவிட்டால் அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது, நான்தான் கடை வாசலுக்குத் தூக்குவாளி கொண்டுபோவேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். 'ளை' மாதிரி சுழி வருகிற எழுத்து வந்தால் உளி அப்படியே நிற்கும், சொம்புதான் அவருடைய இரண்டு பாதங்களுக்கு நடுவில் மெதுவாகச் சுற்றும். "வளைவுல உளியத் திருப்பாதடா, பாத்திரத்தத் திருப்பு" என்பார்.

அந்த மேசையில் இருந்த துப்பாக்கியில் நான் பார்த்ததும் அதேதான். கொடி ஒவ்வொன்றும் சுருண்டு சுருண்டு உள்ளே போய் ஒரு மொட்டில் முடிகிறது, தொடங்கிய இடத்தில் மெல்லியதாக, வளைவின் முதுகில் தடித்து, மறுபடி மெலிந்து. உளியைத் திருப்பிப் போட்டிருந்தால் அந்தக் கோடு அங்கங்கே முறிந்திருக்கும். இது முறியவே இல்லை. கொடிகளுக்கு நடுவில் உள்ள இடமெல்லாம் ஊசி முனை அளவுப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தியது. அந்தப் புள்ளிப் பரப்பு மங்கித் தெரிவதால்தான் இலை எழும்பித் தெரிகிறது.

சரி, துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த நகாசு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது புரியாது.

விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும், அதுதான் லிவர். அதைக் கீழே தள்ளினால் உள்ளே முழங்கால் மாதிரி நேராக நிற்கும் இரண்டு இணைப்புகள் மடங்கி, தோட்டாவை அடைத்துக்கொண்டிருக்கும் தண்டு பின்னால் வரும். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வந்து விழும், தோட்டாவை அடிக்கும் சுத்தி (துப்பாக்கிக் 'குதிரை' என்பார்கள்) பின்னால் ஏறி நிற்கும், ஒரு பித்தளைக் கட்டை புதுத் தோட்டாவைச் சுமந்துகொண்டு கிணற்று வாளி போல மேலே வரும். லிவரை மறுபடி மேலே இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்குள் போய் அடைந்துவிடும், அவ்வளவுதான், சுடலாம். ஒவ்வொரு தடவையும் மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்துக்கொண்டிருந்த காலத்தில் இது என்ன மாதிரி ஒரு தாவல் என்று யோசித்துப் பாருங்கள். பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் 1860 அக்டோபர் 16 அன்று இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வேலை பார்த்தது கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் ஊரில், ஆலிவர் வின்செஸ்டருடைய கம்பெனியில். வின்செஸ்டர் அடிப்படையில் சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்தவர், நொடிந்துபோன ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டு உள்ளே வந்தவர். ஹென்றி ரைஃபிளில் ஒரு தொல்லை இருந்தது. குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக் குழாயை முன்பக்கம் திறந்துதான் நிரப்ப வேண்டும், அந்தக் குழாயின் அடிப்பக்கம் நீளமாகத் திறந்தே இருக்கும், மண்ணும் தூசியும் போய் அடைத்துக்கொள்ளும். நெல்சன் கிங் என்பவர் உடம்பின் வலது பக்கத்திலேயே சின்னதாக ஒரு கதவு வைத்து, அதன் வழியாக ஒவ்வொன்றாகத் தோட்டாவைத் தள்ளும்படி மாற்றினார். அந்த மாற்றத்தோடு வந்தது 1866 மாடல், வின்செஸ்டர் என்ற பெயரில் வந்த முதல் ரைஃபிள். சுமார் 1,70,000 செய்தார்கள்.

அதன் உடம்பு இரும்பு இல்லை. செம்பும் தகரமும் கலந்த ஒருவகை வெண்கலம். மஞ்சளாகத் தெரிவதால் அமெரிக்காவில் அதற்கு 'மஞ்சள் பையன்' என்றே செல்லப்பெயர். இரண்டு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய தட்டையான தகடுகள். நகாசுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உலோகம் மெத்தென்று வெட்டுப்படும், பரப்பு தட்டையாக இருக்கும், எடுத்து வைத்து வசதியாக வெட்டலாம். 1873-இல் வந்த அடுத்த மாடலில் உடம்பு இரும்பாகி, பிறகு எஃகாகிவிட்டது. அதிலும் அருமையான வேலைகள் உண்டு, ஆனால் வெண்கலத்தில் விழும் கோட்டின் குழைவு எஃகில் வராது என்பது என் எண்ணம். பெரியப்பாவும் எவர்சில்வர் வந்த பிறகு இதையேதான் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார், பித்தளை கேட்கும், எவர்சில்வர் எதிர்த்துப் பேசும் என்று.

வெட்டியவர்கள் யார்? பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வின்செஸ்டர் என்றால் உல்ரிச் குடும்பம். கான்ராட், ஹெர்மன், ஜான் என்று மூன்று சகோதரர்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறையும் அதே தொழிலுக்கு வந்தது. நியூயார்க்கில் தனியாகக் கடை வைத்திருந்த நிம்ஷ்கே என்பவர் இன்னொரு பெரிய கை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெட்டி முடித்த வேலையில் மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, கோடுகளுக்குள் தங்கிய மையின்மேல் தாளை அழுத்திப் படி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வார். இடம் வலமாக மாறித் தெரியும் படிகள், நூற்றுக்கணக்கில். அவர் 1904-இல் இறந்துபோனார், நோட்டு பிழைத்துக் கிடைத்தது. இன்றைக்கு ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து இது நிம்ஷ்கே வெட்டியது என்று யாராவது சொன்னால், அந்தப் படிகளோடு கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பெரியப்பா வெட்டிய பாத்திரங்கள் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க எத்தனை ஆயிரம் வீட்டில் இருந்திருக்கும், ஒன்றுக்குக்கூட ஒரு படி கிடையாது.

நண்பர் லிவரை மெதுவாக இறக்கினார். இறக்கும்போது கேட்ட சத்தம், எண்ணெய் விட்ட பூட்டில் சாவி திரும்புவது மாதிரி, அவ்வளவு இறுக்கமும் அவ்வளவு மென்மையும். கீழ்ப்பக்கம் விசைக்குப் பின்னால் ஒரு குறுகலான பட்டை தெரிந்தது. அதில் அரிசி அளவு எழுத்தில் 'ஜே. உல்ரிச்'. லிவர் மூடியிருந்தால் அந்தப் பெயர் யார் கண்ணுக்கும் படாது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் இருந்துவிட்டால் உண்மையாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. பெயரையும் போலியாக வெட்டுகிறார்கள். சாதாரண 1866 ஒன்றை வாங்கி, திறமையான ஒருவரிடம் கொடுத்து நகாசு போட்டு, பழசு மாதிரி மங்க வைத்துப் பல மடங்கு விலைக்குத் தள்ளுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நண்பர் காட்டிய ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இவருடைய துப்பாக்கிக்கு ஒருகாலத்தில் வெள்ளி முலாம் பூசியிருந்தார்கள். மேலே எல்லாம் தேய்ந்து வெண்கலம் தெரிகிறது. ஆனால் கண்ணாடியை வைத்து மானின் கொம்புக்கு அடியில் பார்த்தால், வெட்டின் பள்ளத்துக்குள் இன்னும் வெள்ளி கறுத்துக் கிடக்கிறது. அப்படியென்றால் முதலில் வெட்டு, பிறகுதான் முலாம். பின்னாளில் யாரோ வெட்டியிருந்தால் உளி முலாமைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும், பள்ளத்தில் வெறும் வெண்கலம்தான் இருக்கும். அதே மாதிரி தேய்மானமும். ஒரு துப்பாக்கியைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் எடை சமனாகும் இடத்தில்தான் விரல்கள் படும், அந்த இடத்தில் கொடிகள் மழுங்கியிருக்க வேண்டும். உடம்பெல்லாம் தேய்ந்திருக்கும்போது நகாசு மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

காகித ஆதாரமும் உண்டு. வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பேரேடுகள் வயோமிங் மாநிலத்தில் 'கோடி' என்ற பெயருள்ள நகரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் உள்ளன. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சொன்னால், எந்தத் தேதியில் கிடங்கை விட்டுப் போனது, நகாசு போட்டதா, எந்த மாதிரிக் குழல் என்று பேரேட்டில் இருப்பதைப் பார்த்துச் சான்றுக் கடிதம் தருவார்கள். 1873 மாடலுக்குக் கிட்டத்தட்ட முழுப் பதிவும் இருக்கிறது. ஆனால் 1866 மாடலில் சுமார் 1,25,000-க்கு மேற்பட்ட எண்களுக்கு மட்டும்தான் பேரேடு உண்டு. அதற்கு முன்னால் வந்தவற்றுக்குச் சாட்சி சொல்லக் காகிதம் இல்லை, துப்பாக்கியே பேச வேண்டும். என் நண்பருடையது அந்தக் காகிதமில்லாத கூட்டத்தைச் சேர்ந்தது. அதனால்தான் அந்தக் கறுத்த வெள்ளி அவருக்கு அவ்வளவு முக்கியம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் வருகிறது. தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

வெண்கலம் மெத்தென்று இருப்பதால்தான் நகாசு அழகாக விழுந்தது என்றேன். அதே காரணத்தால்தான் அது அழியவும் செய்கிறது. பளபளப்பு திரவத்தைத் துணியில் நனைத்து ஒவ்வொரு தீபாவளிக்கும் தேய்ப்பது மாதிரி, அமெரிக்க வீடுகளில் கணப்புக்கு மேலே மாட்டியிருந்த இந்தத் துப்பாக்கிகளை ஆசை ஆசையாகத் தேய்த்தே கோடுகளையெல்லாம் மழுக்கிவிட்டார்கள். நாம் மட்டும் என்ன செய்தோம்? எங்கள் வீட்டில் அம்மாச்சியின் வெண்கலப் பானை ஒன்று உண்டு. புளியும் செங்கல் தூளும் போட்டு அறுபது வருடம் தேய்த்ததில், அதில் வெட்டியிருந்த பெயரில் இப்போது இரண்டு எழுத்தைத் தடவித்தான் படிக்க முடியும். பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன், அதில் சோறு பொங்கினோம். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பொருளில் மங்கல் ஏறியிருந்தால் அது அழுக்கு இல்லை. அந்த மங்கலுக்கு அடியில்தான் உல்ரிச்சின் கோடு பத்திரமாக இருக்கிறது. நண்பர் மெழுகை மிக மெல்லியதாகத் தடவி மெத்தென்ற துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தேய்ப்பதைவிட மோசம், மழுங்கிப்போன கோடுகளைக் 'கூர்மையாக்கித்' தருகிறேன் என்று மறுபடி வெட்டுவது. அதன் பிறகு அங்கே இருப்பது பழைய கை இல்லை, அந்தக் கையின் மேல் ஏறி உட்கார்ந்த இன்னொரு கை.

இதற்கு எதிர்முனையில் ஒரு துப்பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்தபடி ஒரு வின்செஸ்டர் 1873 கிடைத்தது. நகாசு எதுவும் இல்லாத சாதாரண ரைஃபிள், 1882-இல் செய்தது. தோளில் வைக்கும் மரக்கட்டை வெளுத்து வெடித்து அந்த மரத்தின் நிறத்துக்கே மாறிப்போயிருந்தது, குழல் முழுக்கத் துரு. யார் வைத்தார்கள், ஏன் திரும்பி வரவில்லை, எதுவும் தெரியாது. அதைக் கோடி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது கட்டைக்குள் ஒரு தோட்டா இருந்ததைக் கண்டார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? உதிர்ந்துகொண்டிருந்த மரத்தை மட்டும் உறுதிப்படுத்தினார்கள். துருவைத் துருவாகவே விட்டுவிட்டார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

விலை விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சந்தை பெரும்பாலும் சொந்தக்காரர் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறது. 2016-இல் ஒரு வின்செஸ்டர் 1886, வரிசை எண் 1, பன்னிரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் டாலருக்கு ஏலம் போனது. அப்பாச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த போராளி ஜெரோனிமோவைத் துரத்திப் போன படைக்குத் தலைமை தாங்கிய ஹென்றி லாட்டனுக்கு நண்பர் ஒருவர் பரிசாகக் கொடுத்தது. சரித்திரப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் மண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்று நின்ற ஒரு அப்பாச்சி மனிதரைப் பிடித்ததற்கான பாராட்டு அது என்று நினைக்கும்போது, அந்தத் தொகையை என்னால் சந்தோஷமாகப் படிக்க முடிவதில்லை. இந்த ரைஃபிள்கள் எல்லாப் பக்கத்துக் கையிலும் இருந்தவை. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையிடம் ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள், எதிரே லகோட்டா, செயேன் பழங்குடி வீரர்களில் பலரிடம் ஹென்றியும் 1866-உம். 1980களில் அங்கே தோண்டியெடுத்த தோட்டாக் கூடுகள் இதை உறுதிசெய்தன. அந்தச் சமவெளிப் பழங்குடி மக்கள் தங்கள் துப்பாக்கிக் கட்டையில் பித்தளைத் தலை ஆணிகளை வரிசையாக அடித்துக் கோலம் போட்ட மாதிரி அலங்கரிப்பார்கள். அதுவும் நகாசுதான். அதைச் செய்தவர்கள் யாரும் கீழே பெயர் வெட்டி வைக்கவில்லை.

லிங்கனுக்கும் ஒன்று போனது. ஹென்றி ரைஃபிள், வரிசை எண் 6, உடம்பெல்லாம் தங்க முலாமும் நகாசும், ரோஸ்வுட் கட்டை. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், அரசாங்கம் வாங்காதா என்ற எதிர்பார்ப்பில் கம்பெனி இப்படி அழகாகச் செய்து மேலிடத்துக்கு அனுப்பியது. போர்த்துறைச் செயலாளருக்கும் கடற்படைச் செயலாளருக்கும்கூடப் போனது. ஆனால் அரசு மொத்தமாக வாங்கியது சுமார் 1,700 தான். நகாசு வேலைக்கு இப்படியும் ஒரு பயன் இருந்திருக்கிறது, மனு எழுதுவதற்குப் பதிலாக மனுவை வெட்டுவது.

அப்புறம் சேகரிப்பாளர்கள் சொல்லிச் சொல்லி ஏங்கும் 'ஆயிரத்தில் ஒன்று'. 1870களில் வின்செஸ்டர் ஓர் ஏற்பாடு செய்தது. 1873 மாடல் குழல்களைச் சோதித்துச் சுடும்போது எது குறி தப்பாமல் அடிக்கிறதோ, அதை எடுத்துத் தனியாக மெருகேற்றி, குழலின் மேலேயே 'ஆயிரத்தில் ஒன்று' என்று வெட்டி 100 டாலருக்கு விற்றார்கள். சில வருடத்திலேயே கைவிட்டுவிட்டார்கள், அப்படியானால் மீதி 999 மட்டமா என்ற கேள்வி வியாபாரத்துக்கு ஆகாது என்பதால் என்று சொல்வார்கள். மொத்தம் 130 சொச்சம்தான் செய்தார்கள். 1950-இல் ஹாலிவுட் படம் ஒன்று இந்த ரைஃபிளை மையமாக வைத்து வந்தபோது, பட நிறுவனமே இவை யார் வீட்டில் இருக்கின்றன என்று விளம்பரம் போட்டுத் தேடியது, அதில்தான் சில வெளியே வந்தன. அதற்குப் பிறகு போலிகளும் சேர்ந்து வந்தன, சொல்லவே வேண்டாம்.

என் நண்பர் இந்தத் துப்பாக்கியைச் சுடுவதில்லை. அதன் தோட்டா வகையே வழக்கொழிந்துவிட்டது. சுட முடிந்தாலும் சுடமாட்டேன் என்றார். அவர் அனுமதியோடு இரண்டு பக்கத்தையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்து நிறையப் படம் எடுத்தேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது, ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

"ஏண்டா தம்பி, இது வெட்டுனவன் பேரு என்னன்னு சொன்ன?"

"உல்ரிச் பெரியப்பா. ஜான் உல்ரிச். செத்து ரொம்ப வருஷமாச்சு."

"பொள்ளாச்சி மாதிரி என்னமோ சொல்ற, இருக்கட்டும். பெரிய ஆளுடா. நான் பேத்திகிட்ட குடுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். அந்த மானுக்கு இடது காதுகிட்ட ஒரு சின்ன இலை இருக்கு பாரு, மத்த இலையெல்லாம் கொடியிலேந்து வருது, அது மட்டும் தனியா நிக்குது. அங்க உளி வழுக்கியிருக்கு. வழுக்குன கோட்ட அழிக்க முடியாதில்ல, அதான் பக்கத்துல ரெண்டு வெட்டு போட்டு இலையாக்கிட்டான். நானும் அப்படித்தான் செய்வேன். கோமதின்னு வெட்டச் சொன்னா, வழுக்குச்சுன்னா பக்கத்துல ஒரு பூவப் போட்டுடுவேன். கடைக்காரன் பூவுக்குத் தனியா காசு குடுத்திருக்கான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. மானின் காதுக்கு மேலே, எந்தக் கொடியிலும் ஒட்டாமல், நெல்மணி அளவில் ஒரு இலை. நண்பருக்குப் போன் போட்டுச் சொன்னேன். முப்பது வருடமாக அந்தத் துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. ஒரு நிமிஷம் என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, கம்பளித் துணியை உதறும் சத்தம் கேட்டது, பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பி வந்து, உங்கள் பெரியப்பாவின் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள், இந்தத் துப்பாக்கியின் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றார்.